அழுத்தமும் அளவும்: விண்வெளிக் கையுறை ஏன் இன்னும் கையை வருத்துகிறது?

கேள்வி

ஹூஸ்டனில் நாசாவின் பயிற்சிக் குளம் ஒன்று இருக்கிறது. ஆழம் 12 மீட்டர். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பகுதிகள் அதே அளவில் செய்யப்பட்டு அதனடியில் வைக்கப்பட்டுள்ளன. விண்வெளியில் ஒரு மணி நேரம் வேலை செய்ய வேண்டியவர், அதைப் போலப் பல மடங்கு நேரம் விண்ணுடை அணிந்து இந்தத் தண்ணீருக்குள் பழகிக்கொள்கிறார். 2002 முதல் 2004 வரை அங்கே நடந்த 770 பயிற்சி அமர்வுகளின் பதிவுகளைச் சாமுவேல் ஸ்ட்ராஸ் தொகுத்து ஆராய்ந்தார். அவற்றில் மொத்தம் 352 உடல்நோவுகள் பதிவாகியிருந்தன. அந்த நோவுகளில் 47 விழுக்காடு கைகளைப் பற்றியவை. அடுத்த இடத்தில் இருந்த தோள்வலி 21 விழுக்காடுதான்.

அப்போது விண்வெளிநடைக்கு ஏறக்குறைய நாற்பது வயது. சிக்கல் முதல் நாளே தெரிந்திருந்தது. 1965 மார்ச் 18 அன்று வஸ்கோத்-2 கலத்திலிருந்து வெளியே வந்த அலெக்சி லியோனவின் உடை வெற்றிடத்தில் உப்பியது. விரல்கள் கையுறையின் நுனியை விட்டுப் பின்வாங்கின, பாதங்கள் காலணிக்குள் நழுவின. உடையின் காற்றழுத்தத்தைத் தாமே குறைத்த பிறகுதான் அவரால் காற்றறைக்குள் திரும்ப முடிந்தது. 1971இல் அப்போலோ 15 வீரர்கள் நகவலியோடு நிலவிலிருந்து வந்தார்கள். அடுத்த ஆண்டு அப்போலோ 17இல் சென்ற ஜீன் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் தளர்ந்த முன்கைகளோடும் தோலுரிந்த விரல்களோடும் திரும்பினார்கள். இதற்கிடையில் உடையின் மற்ற பகுதிகள் வெகுவாக மாறின. தோளிலும் இடுப்பிலும் சுழல் தாங்கிகள் வந்தன, குளிர்நீர்க் குழாய்கள் ஓடும் உள்ளுடை வந்தது, உடையை ஒரு பயணத்தோடு ஒதுக்கிவிடாமல் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையும் வந்தது. கை மட்டும் ஏன் இன்னும் வலிக்கிறது?

கையுறையின் குறையைத் துணியில் தேடுவது தவறான இடத்தில் தேடுவது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தக் குறை இரண்டு முடிவுகளிலிருந்து வருகிறது. உடைக்குள் எவ்வளவு அழுத்தம் வைப்பது என்பது முதலாவது. யாருடைய கைக்கு, எவ்வளவு நெருக்கமாக அளவெடுப்பது என்பது இரண்டாவது. இரண்டுமே பெரும்பாலும் கையுறை செய்பவரின் மேசைக்கு வெளியே எடுக்கப்படுகின்றன.

நிலவும் விளக்கங்கள்

விண்வெளிக் கையுறை பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்தால் மூன்று விதமான விளக்கங்கள் எதிர்ப்படுகின்றன. பொருளை முன்வைப்பது ஒன்று: போதிய அளவு மெல்லியதும் உறுதியானதுமான துணி இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தால் சிக்கல் தீரும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. ஆனால் வரலாறு இதற்குத் துணை நிற்கவில்லை. அப்போலோ காலத்தில் நியோப்ரீன் ரப்பரும் நைலான் வலையும் இருந்த இடத்தில் பின்னர் பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் வந்தன. உள்ளங்கைப் பக்கம் வெக்ட்ரான் போன்ற வலிய இழைகள் வந்தன. இத்தனை தலைமுறை மாறிய பிறகு எடுத்த கணக்குதான் மேலே சொன்ன 47 விழுக்காடு.

இரண்டாவது விளக்கம் கைத்தொழிலைப் போற்றுவது. நிக்கலஸ் டி மோன்ஷோ 2011இல் எழுதிய அப்போலோ விண்ணுடை பற்றிய நூல் இதற்குச் சிறந்த சான்று. பெண்களுக்கான உள்ளாடைகளை விற்ற பிளேடெக்ஸின் தாய் நிறுவனமான இன்டர்நேஷனல் லேட்டக்ஸ் கார்ப்பரேஷன், 1965இல் பொறியியல் நிறுவனங்களோடு போட்டியிட்டு அப்போலோ உடைக்கான வேலையைப் பெற்றது. கவசம் போன்ற உடைகளைக் கனவு கண்ட பொறியாளர்களை, அடுக்கடுக்காகத் தைத்த மென்மையான உடை வென்றது என்பது அந்நூலின் மையக் கருத்து. ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு பிசகினாலும் பிரித்துத் தைக்க வேண்டிய நுட்பத்தோடு அந்நிறுவனத்தின் பெண்கள் வேலை செய்தார்கள். இந்த வாதம் கவர்ச்சியானது, பெரிதும் உண்மையும் கூட. இருந்தாலும் அதே பெண்கள், அதே நுட்பத்தோடு தைத்த கையுறைகள்தாம் அப்போலோ 15 வீரர்களின் நகங்களை நோகச் செய்தன. தையல் எவ்வளவு சிறந்திருந்தாலும் இயற்பியல் கேட்கும் விலையைத் தள்ளுபடி செய்ய அதனால் இயலாது. அந்த நூலின் உற்சாகத்தில் இந்தச் செய்தி பின்னுக்குப் போய்விடுகிறது.

பொருத்தத்தைச் சொல்லும் மூன்றாவது விளக்கம் உண்மைக்கு அருகில் வருகிறது. ஆனால் ‘பொருந்தவில்லை’ என்று சொல்வது எளிது. எங்கே, எவ்வளவு, எதற்குப் பொருந்தவில்லை என்று காட்டுவது கடினம். கைக்காயங்களை ஆராய்ந்த நாசா ஆய்வாளர்களே, பொருத்தத்தைக் காரணமாகக் காட்டும் கருதுகோள்கள் பரவலாக இருந்தாலும் அவற்றுக்கு ஆதாரம் பலநேரம் போதவில்லை என்று 2015இல் ஒப்புக்கொண்டார்கள். இந்த விளக்கத்துக்கு எண்ணளவில் ஓர் அடித்தளம் தர முடியுமா என்று பார்ப்பதே அடுத்த பகுதியின் நோக்கம்.

ஆரத்தின் கணக்கு

அமெரிக்க விண்ணுடைக்குள் இருப்பது தூய ஆக்சிஜன். அதன் அழுத்தம் 29.6 கிலோபாஸ்கல். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்போலோ உடையில் இது இன்னும் குறைவாக, 25.5 அளவில் இருந்தது. ரஷ்ய ஒர்லான் உடையில் 40. அழுத்தம் கூடினால் வீரர் உடைக்குள் போகுமுன் செய்ய வேண்டிய முன்தயாரிப்பு குறையும். கடல்மட்ட அழுத்தத்தில் வாழ்பவரின் இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைந்திருக்கிறது. திடீரெனக் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் அது குமிழ்களாக வெளிவரும், ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வருபவருக்கு நேர்வது போலவே. அதைத் தவிர்க்கத் தூய ஆக்சிஜனை முன்கூட்டியே பல மணி நேரம் சுவாசித்து நைட்ரஜனைக் கழிக்க வேண்டும். ரஷ்யர்கள் அழுத்தத்தைக் கூட்டி அந்தக் காத்திருப்பை அரைமணி நேர அளவுக்குச் சுருக்கினார்கள். அந்தச் சிக்கனத்துக்கான விலையைக் கொடுப்பது வீரரின் கை.

அந்த விலை எவ்வளவு? காற்றடைத்த மெல்லிய குழாய் ஒன்றை வளைக்கத் தேவையான திருப்புவிசைக்குப் பொறியியலில் ஓர் எளிய வாய்பாடு உண்டு. குழாய் முழுமையாக மடிந்துவிடும் கட்டத்தில் அது பை (π), அழுத்தம், ஆரத்தின் மும்மடி ஆகிய மூன்றின் பெருக்கல். கையுறையின் விரலை வடிவமைப்பு எதுவும் இல்லாத ஒரு குழாயாக வைத்துக்கொள்வோம். ஆரம் 12 மில்லிமீட்டர், அழுத்தம் 29.6 கிலோபாஸ்கல் என்றால் 0.16 நியூட்டன்-மீட்டர் வருகிறது. வளையும் இடத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி விரல்நுனியால் அழுத்துபவருக்கு அது ஏறத்தாழ 400 கிராம் எடை. ஆரத்தை 15 மில்லிமீட்டராக்கினால் அதே விரலுக்கு 800 கிராம். ஒரு கைப்பிடியைப் பற்றுவதற்கு முன்பே, வெறும் கையுறையை மடக்குவதற்கு மட்டும், ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு முறையும் இதைச் செலுத்த வேண்டும். ஆறரை மணி நேரம் நீளும் ஒரு விண்வெளிநடையில் இப்படி எத்தனை முறை!

உண்மையான கையுறை வெறும் குழாயன்று. மூட்டுகளில் கொசுவம் வைத்துத் தைப்பதால், விரல் மடங்கும்போது ஒரு பக்கம் சுருங்கும் அளவுக்கு மறுபக்கம் விரிகிறது, உள்ளே அடங்கிய காற்றின் பருமன் அதிகம் குறைவதில்லை. அதனால் விறைப்பு மேற்சொன்னதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் வாய்பாட்டின் வடிவம் முக்கியமானது. அழுத்தம் அதில் ஒருமடியாகவும் ஆரம் மும்மடியாகவும் வருகின்றன. அமெரிக்க அழுத்தத்திலிருந்து ரஷ்ய அழுத்தத்துக்குப் போனால் விறைப்பு 35 விழுக்காடு கூடும். விரல்குழாயின் ஆரத்தில் பத்து விழுக்காடு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், தளர்வு விட்டாலோ 33 விழுக்காடு கூடும். இரு நாடுகள் பல ஆண்டுகள் ஆய்ந்து எடுத்த ஒரு பெரிய முடிவுக்கும், அளவெடுப்பவர் விட்டுவிட்ட ஒரு மில்லிமீட்டருக்கும் கையின்மேல் ஏறக்குறைய ஒரே எடை. பொருத்தம் என்பது வெறும் வசதி சார்ந்த விஷயமில்லை என்பதற்கு நான் கண்ட மிக நேரடியான ஆதாரம் இந்த மும்மடிதான்.

இதோடு உடற்கூறு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, அவை முன்கையில் இருக்கின்றன. நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டு வழியாகப் போய் விரல் எலும்புகளை இழுக்கின்றன. கையுறையின் விறைப்பு முன்கையில் களைப்பாக வெளிப்படுவது இதனால்தான். மேலும், காற்றடைத்த கையுறைக்கென்று இயல்பான ஒரு நிலை உண்டு. கைப்பிடி ஒன்றைத் தளர்வாகப் பற்றியதுபோல அரைகுறையாக மடங்கிய நிலையில்தான் அதை வெட்டித் தைக்கிறார்கள். அந்த நிலையிலிருந்து மூடுவதற்கு மட்டுமன்றி, விரிப்பதற்கும் உழைக்க வேண்டும். வெறுங்கையில் பிடியை விட்டால் கை ஓய்வெடுக்கும். இங்கே விடுவதும் ஒரு வேலை.

அடுக்குகள்

இன்று விண்வெளி நிலையத்தில் பயன்படும் அமெரிக்கக் கையுறை ‘ஆறாம் கட்டம்’ எனப்படுவது. ஐஎல்சி டோவர் நிறுவனம் 1990களில் உருவாக்கியது. முதலில் வீரர் ஒரு மெல்லிய வசதிக் கையுறையைப் போட்டுக்கொள்கிறார். அதன்மேல் வருவது காற்றுப்பை: கை வடிவ அச்சைப் பாலியூரித்தேனில் தோய்த்து, தையலே இல்லாமல் எடுத்த ஒரே துண்டு. காற்றைப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை, அழுத்தத்தைத் தாங்குவதன்று. தாங்குவது அதன் மேலுள்ள பாலியெஸ்டர் கட்டுறை. கொசுவங்களும் நாடாக்களும் மூட்டுகளும் எல்லாம் இந்த அடுக்கில்தான், தையல்காரரின் கைவண்ணம் முழுவதும் இங்கேதான். காற்றுப்பையைக் கட்டுறையைவிடச் சற்றுப் பெரிதாகச் செய்வார்கள். அப்போதுதான் விசை எல்லாம் கட்டுறைக்குப் போகும். ஆனால் மிகையாகப் பெரிதானால் உள்ளே மடிப்பு விழுந்து அந்த மடிப்பே தோலை அறுக்கும்.

அதற்கும் மேலே வெப்பமும் நுண்விண்கற்களும் தாக்காதபடி காக்கும் வெளியுறை. அலுமினியம் பூசிய மெல்லிய படலங்கள் பல, வெளிப்பக்கம் வலிய நெசவுத்துணி, உள்ளங்கையிலும் விரல்களிலும் வழுக்காமலிருக்கச் சிலிக்கோன் ரப்பர் திட்டுகள். விரல்நுனிகளில் மின்கலத்தால் சூடாகும் சிறு கம்பிச்சுருள்கள். 1993இல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கத் தயாராகிக்கொண்டிருந்த ஸ்டோரி மஸ்கிரேவுக்கு, பூமியிலேயே ஒரு வெற்றிட அறைச் சோதனையில் விரல்களில் பனிக்கடி ஏற்பட்டது. குளிரைப் பற்றி அதுவரை போதுமென்று நினைத்திருந்த பாதுகாப்பு போதாது என்பதை அது காட்டியது.

இந்த அடுக்குகளுக்கிடையே ஓர் எளிய உலோகப் பட்டை இருக்கிறது. கையுறைகளைப் பற்றிப் பேசும்போது அதிகம் கவனிக்கப்படாத பாகம், ஆனால் முழுச் சிக்கலும் அதில் அடங்கியிருக்கிறது. உள்ளங்கை குழிந்தது, காற்றடைத்த பை குழியாக இருக்க விரும்பாது, உருண்டையாகத் துருத்தும். 8 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் என்று உள்ளங்கையின் பரப்பை எடுத்துக்கொண்டால் அதன்மேல் 19 கிலோவுக்கு நிகரான விசை. கையுறை அப்படி உப்பிவிட்டால் எதையும் பற்ற முடியாது. அதனால் உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு பட்டையை வைத்து, புறங்கையைச் சுற்றி வரும் வார் ஒன்றால் அதை இறுக்கி, துருத்தும் துணியை அழுத்திப் பிடிக்கிறார்கள்.

1991 ஏப்ரலில் எஸ்டிஎஸ்-37 என்ற விண்வெளி ஓடப் பயணத்தின்போது ஒரு வீரரின் கையுறையில் இந்தப் பட்டை இடம்பெயர்ந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் காற்றுப்பையைத் துளைத்தது. வீரரின் தோல் அந்தத் துளையை ஓரளவு அடைத்தது, கசிந்து உறைந்த இரத்தம் மிச்சத்தை அடைத்தது. வெளியே இருந்தபோது அவர் அதை உணரவே இல்லை. துளை தெரியவந்தது பிறகுதான். மனித உடை வெற்றிடத்தில் ஓட்டையான நிகழ்வாக இதைச் சொல்வது வழக்கம், உயிர் தப்பிய வியப்பே அதில் பெரிதாகப் பேசப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பட்டையே. அழுத்தத்தை அடக்குவதற்காகச் சேர்த்த பாகமே அழுத்தத்தை அடைத்து வைத்திருந்த பையைக் குத்தியது. கையுறையில் ஒரு குறையைத் தீர்க்கச் சேர்க்கும் ஒவ்வொன்றும் அந்தச் சின்ன இடத்துக்குள் இன்னொன்றோடு மோத வேண்டியிருக்கிறது.

வெளியடுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007 ஆகஸ்ட் 15 அன்று நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த வீரர் ரிக் மஸ்ட்ராக்கியோ தம் இடதுகைக் கையுறையின் கட்டைவிரலில் கிழிசலைக் கண்டு முன்னதாகவே உள்ளே திரும்பினார். ஐந்து அடுக்குகளில் இரண்டாவதுவரை கிழிந்திருந்தது, காற்று கசியவில்லை. நிலையத்தின் கைப்பிடிகளில் நுண்விண்கற்கள் விழுந்து உண்டாக்கிய குழிகளின் கூரிய விளிம்புகள் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் அறுபடாத நெருக்க நெசவுத் துண்டுகள் சேர்க்கப்பட்டன. நடையின் நடுவே வேலையை நிறுத்திக் கையுறையைச் சோதித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. சேர்த்த ஒவ்வொரு துண்டும் விரலின் தடிமனைக் கூட்டுகிறது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அளவெடுத்தல்

அப்போலோ வீரர்கள் ஒவ்வொருவருக்கும் கையுறை தனித்தனியாகச் செய்யப்பட்டது. கையை அச்சுக் கலவையில் முக்கி வார்ப்பு எடுத்து, அதன்மேல் ரப்பரை வார்த்தார்கள். நிலவுக்குச் சென்றவர்கள் சிலரே, பணத்துக்கும் பஞ்சமில்லை. விண்வெளி ஓடம் வந்தபோது கணக்கு மாறியது. பல பத்து வீரர்கள், ஆண்களும் பெண்களும், பல ஆண்டுகள், ஒரே உடைத்தொகுதி. உடையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நிலையான அளவுகளில் செய்து, ஆளுக்கேற்பப் பூட்டிக்கொள்வது என்ற கொள்கை வந்தது. உடற்பகுதிக்கு இது ஓரளவு வேலை செய்தது. ஓரளவு என்றுதான் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் பெண்கள் இருவர் சேர்ந்து செய்வதாக இருந்த விண்வெளிநடை, நடுத்தர அளவு மேலுடல் கூடு இரண்டு தயாராக இல்லாததால் மாற்றியமைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்றுதான் கிறிஸ்டினா காக்கும் ஜெசிகா மெய்ரும் அப்படி வெளியே போக முடிந்தது.

கைக்கு நிலையான அளவு இன்னும் மோசமாகவே பொருந்தியது. காரணம் மும்மடியில் ஏற்கெனவே இருக்கிறது. மேலுடல் கூட்டில் அரை அங்குலத் தளர்வு ஒரு எரிச்சல். விரலில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு ஒரு சுமை. ஆறாம் கட்டக் கையுறை பழையபடி தனி அளவுக்குத் திரும்பியதில் வியப்பில்லை. ஆனால் திரும்பிய விதம் வேறு. வீரரின் கை வார்ப்பை லேசரால் வருடி, கணினியில் வடிவமைத்து, அச்சுக்கான உருவத்தை முப்பரிமாண முறையில் உருவாக்கினார்கள். கொசுவம் எங்கே விழ வேண்டும் என்பதையும் கணினி வரைந்தது. தைப்பது மட்டும் கையில் இருந்தது. இது முன்னேற்றம்தான். ஆனாலும் இதற்கு ஒரு வரம்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். வார்ப்பு எடுக்கப்படுவது அசையாத கைக்கு. அழுத்தத்தில், வியர்வையில், ஐந்தாவது மணி நேரத்தில் இருக்கும் கைக்கு அல்ல.

நகம்

பொருத்தம் என்ற விளக்கத்துக்கு மிகக் கடினமான சோதனை நகங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு நகம் அடியிலுள்ள சதையிலிருந்து பிரிந்துவிடுவது வீரர்களிடையே அறியப்பட்ட காயம். முன்னெச்சரிக்கையாக நகங்களை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு என்று செய்திகள் வந்துள்ளன. ஏன் பிரிகிறது?

ஸ்ட்ராஸ் இரண்டு காரணங்களைச் சொன்னார். ஒன்று, கையுறைக்குள் தேங்கும் ஈரம் நகத்தின் பிடிப்பை இளக்குகிறது. மற்றது, விரல்நுனி கையுறையின் முனையில் நேர்க்கோட்டில் இடிபடுகிறது. இரண்டாவது காரணம் உண்மையானால் நீண்ட விரல் உடையவர்களுக்கு அதிகம் நேர வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஓப்பர்மன், வால்டி, டாவா நியூமன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த எதிர்பார்ப்போடு ஒத்துப்போகவில்லை. விரல் நீளத்துக்கும் நகக்காயத்துக்கும் தெளிவான தொடர்பு இல்லை. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளைச் சுற்றி அளந்த கைச்சுற்றுக்கு இருந்தது. சுற்று 22.86 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தவர்களில் காயத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதற்குக் குறைந்தவர்களில் பதினெட்டில் ஒன்று அளவே. அகன்ற கை கையுறையின் முட்டிப்பகுதியில் நெருக்கப்படும்போது விரல்நுனிக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று.

இரத்த ஓட்டம் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் இந்தத் தரவோடு பொருந்துகிறது, அது என் ஊகம் மட்டுமே. அகன்ற கைக்கு அகன்ற கையுறை வேண்டும், அதன் ஒவ்வொரு விரலும் உள்ளங்கையும் பெரிய ஆரமுடையவை. கையின் வலிமை அளவோடு கூடினாலும் கையுறையின் விறைப்பு மும்மடி வேகத்தில் கூடுகிறது. பெரிய கை உடையவர் பொருந்தாத கையுறையால் மட்டும் துன்பப்படவில்லை, சரியாகப் பொருந்திய பெரிய கையுறையாலும் துன்பப்பட வாய்ப்புண்டு. இது சரியென்றால் அளவெடுப்பதை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் ஒரு பகுதிக் காயம் எஞ்சியே இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று இருக்கிறது. அப்போலோ 15இன் டேவ் ஸ்காட், தொடுவுணர்வு வேண்டும் என்பதற்காக விரல்நுனிகள் கையுறையின் முனையைத் தொடும்படி உடையை அமைத்துக்கொண்டார். பாறை மாதிரிகளையும் துளையிடும் கருவியையும் கையாள்பவருக்கு அது நியாயமான விருப்பம். அதற்கு அவர் கொடுத்த விலை கடும் நகவலி. உடன் சென்ற ஜேம்ஸ் இர்வின் தம் நகங்களை வெட்டிக்கொண்டு ஓரளவு தப்பினார். இங்கே கையுறை பொருந்தாமல் இல்லை, வேண்டுமென்றே இறுக்கமாகப் பொருந்தியது. பொருத்தம் என்பது ஒரே ஒரு சரியான அளவைக் குறிக்கும் சொல் என்று எடுத்துக்கொண்டால் இந்த நிகழ்ச்சியை விளக்க முடியாது. எதை உணர வேண்டும், எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அணிபவர் செய்யும் தெரிவும் அந்த அளவுக்குள் இருக்கிறது. காயங்களின் பட்டியலை மட்டும் பார்க்கும் ஆய்வுகளில் இந்தத் தெரிவு பதிவாவதில்லை.

வேறு வழிகள்

காற்றையே கைவிட்டால் என்ன என்று முதலில் கேட்டவர்களில் ஒருவர் பால் வெப். 1960களின் இறுதியில் அவர் முன்வைத்த உடை, காற்றுக்குப் பதிலாக இறுக்கமான மீள்துணியால் தோலை நேரடியாக அழுத்துவது. டாவா நியூமனின் ஆய்வுக்குழு அதே எண்ணத்தைப் பின்னர் தொடர்ந்தது. காற்றில்லாத கையுறையில் பருமனும் இல்லை, மும்மடியும் இல்லை. ஆனால் மீள்துணி குவிந்த பரப்பை அழுத்தும், குழிந்த பரப்பின் மேல் பாலம்போல் நின்றுவிடும். உடலில் குழிகள் மிகுந்த இடங்களில் ஒன்று உள்ளங்கை. உள்ளங்கைப் பட்டையை வேண்டவைத்த அதே குழி இங்கும் வந்து நிற்கிறது.

இயந்திர உதவி இன்னொரு வழி. ஜெனரல் மோட்டர்ஸும் நாசாவும் ரோபோநாட்-2 என்ற மனிதவடிவ எந்திரனுக்காக உருவாக்கிய தசைநாண் அமைப்பிலிருந்து 2012இல் ‘ரோபோ-கையுறை’ வந்தது. விரல்களை மோட்டார் இழுக்கும். மூடுவதற்கான களைப்பு குறையலாம், ஆனால் விறைப்பு அப்படியே இருக்கும், அதை வெல்ல இன்னொரு பாகம் சேர்கிறது. எஸ்டிஎஸ்-37இன் பட்டையை நினைவில் வைத்திருப்பவருக்கு இதில் தயக்கம் வருவது இயல்பு.

மாறாக, எளிய வழியில் பெரிய வெற்றி காட்டியது 2007இல் நாசா நடத்திய கையுறைப் போட்டி. மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த பொறியாளர் பீட்டர் ஹோமர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தைத்த கையுறை இரண்டு லட்சம் டாலர் பரிசை வென்றது. 2009இல் மீண்டும் அவரே முதலிடம். அந்த முறை புரூக்ளினின் டெட் சதர்ன் இரண்டாமிடம், பின்னர் அவர் ரஷ்ய வடிவமைப்பாளர் நிக்கலாய் மொய்செயெவோடு சேர்ந்து விண்ணுடை நிறுவனமே தொடங்கினார். தனி மனிதர் பெரிய நிறுவனத்தை வென்ற கதையாக இது பரவியது. போட்டி அளந்தவை மூட்டின் விறைப்பு, விரலின் லாவகம், வெடிக்காமல் தாங்கும் அழுத்தம் ஆகியவை. முதல் முறை வெளியுறை கூடத் தேவைப்படவில்லை. நகமும் ஈரமும் அகன்ற கையும் அந்த அளவுகோலில் இல்லை. தையல் நுட்பத்தில் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது என்பதை ஹோமர் நிறுவினார், அது சிறிய சாதனையன்று. ஆனால் கையுறை எதற்கு இவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அந்தப் போட்டிக்குள் எழவே வழியில்லை.

கலத்தின் காற்று

அந்தக் கேள்விக்கான விடை கையுறையில் இல்லை, வீரர் வாழும் கலத்தின் சுவருக்குள் இருக்கிறது. அப்போலோ கலத்தில், விண்வெளியில் இருக்கும்போது, 34 கிலோபாஸ்கல் தூய ஆக்சிஜன். அங்கிருந்து 25.5 அழுத்த உடைக்குப் போக நைட்ரஜனைக் கழிக்கும் காத்திருப்பு தேவையில்லை. ஸ்கைலாப் நிலையத்திலும் அதே அழுத்தம், பெரும்பகுதி ஆக்சிஜன். விண்வெளி ஓடம் வந்தபோது கலத்துக்குள் கடல்மட்டக் காற்றை வைக்க முடிவு செய்தார்கள். கருவிகளுக்கும் ஆய்வுகளுக்கும் தீப்பாதுகாப்புக்கும் அது நல்லது. அதன்பின் உடையின் அழுத்தம் கலத்தின் அழுத்தத்தைவிட வெகுவாகத் தாழ்ந்தது. நடைக்கு முன் ஓடத்தின் அழுத்தத்தை 70 கிலோபாஸ்கலுக்குக் குறைத்து வைக்கும் இடைவழியும் பின்னர் வந்தது. காத்திருப்பே வேண்டாமென்று 57 கிலோபாஸ்கலில் இயங்கும் சோதனை உடைகளை நாசா 1980களில் செய்து பார்த்தது. அந்த அழுத்தத்தில் கையுறையின் விறைப்பு இன்றையதைப் போல ஏறத்தாழ இரு மடங்காகும்.

நிலவின் தென்துருவத்துக்கான புதிய உடையை ஆக்சியம் ஸ்பேஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் வெளிக்காட்டியது. அங்கே நிழலில் கிடக்கும் பள்ளங்களின் குளிர் மைனஸ் 200 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும். அந்தக் குளிரை உண்டாக்கும் ஓர் அறையில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 2023–24இல் ஆறாம் கட்டக் கையுறையை ஒரு பொம்மைக் கைக்கு மாட்டிச் சோதித்தது. அது தேவையை நிறைவு செய்யாது என்பது முடிவு. அப்படியென்றால் இன்னும் காப்பு அடுக்குகள், இன்னும் தடிமன். தடிமன் கூடும்போது விறைப்பைக் குறைக்க எஞ்சியிருக்கும் ஒரே பெரிய நெம்புகோல் அழுத்தம். நாசா நீண்டகாலமாக ஆய்ந்துவரும் ஒரு திட்டம் இதைக் கலத்தின் பக்கமிருந்து அணுகுகிறது: கலத்துக்குள் 56.5 கிலோபாஸ்கல் அழுத்தம், அதில் 34 விழுக்காடு ஆக்சிஜன். அங்கே வாழ்பவரின் உடலில் நைட்ரஜன் குறைவாகவே கரைந்திருக்கும், குறைந்த அழுத்த உடைக்குச் சிறிது நேரத்தில் மாறிக்கொள்ளலாம், கையுறையின் விறைப்பைக் குறைவாக வைத்திருக்கலாம்.

இதற்கும் விலை உண்டு. 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 கலத்தில், ஏவுதளத்திலேயே, தூய ஆக்சிஜனில் பற்றிய தீ மூன்று வீரர்களைக் கொன்றது. 34 விழுக்காடு அதைவிட வெகுவாகப் பாதுகாப்பானது. என்றாலும் நாம் சுவாசிக்கும் 21 விழுக்காட்டில் அணைந்துவிடும் பல பொருள்கள் அதில் தொடர்ந்து எரியும். ஆகவே கலத்தின் இருக்கைத் துணி, கம்பிகளின் மேலுறை, உணவுப் பொட்டலம், வீரர் இரவில் போர்த்துக்கொள்ளும் பை ஆகிய ஒவ்வொன்றையும் அந்தக் காற்றில் எரித்துப் பார்த்துத்தான் உள்ளே அனுமதிக்க வேண்டும்.